50 கிலோ மூட்டை: தலையா, முதுகா, தள்ளுவண்டியா?

லாரியில் வந்த சிமெண்ட் மூட்டையைக் குடோனில் அடுக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் உடம்பு வாங்கும் அடி வேறு வேறு.

தலையில் ஏற்றினால் பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே இறங்கும். இடுப்பு முன்னால் மடங்காது, கீழ்முதுகுத் தசைக்கு வேலை குறைவு. ஆனால் பாரம் அத்தனையும் கழுத்தெலும்பில் விழும். சும்மாடு ஒரு பக்கம் சரிந்தாலே கழுத்து மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் எலும்பிடை வட்டு தேய்ந்து, நரம்பு நசுங்கி, கை மரத்துப்போகலாம்.

முதுகுச்சுமையில் கழுத்து தப்பும். ஆனால் மூட்டை சரியாமல் இருக்க வழிநெடுக குனிந்தே நடக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் மாட்டிக்கொள்ளும். பத்தடி, பதினைந்தடிக்குப் பரவாயில்லை.

இரண்டு சக்கரத் தள்ளுவண்டியின் உண்மையான லாபம் நடையில் இல்லை, எடுப்பதில் இருக்கிறது. தரையில் கிடக்கும் மூட்டையைக் கையால் தூக்குவதுதான் முதுகை உடைக்கும் நொடி. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் (NIOSH) நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்குப்படி, எல்லாம் தோதாக இருந்தாலும் ஒருவர் தூக்க 23 கிலோதான் எல்லை. கை தரைமட்டத்தில் இருந்தால் அது 18-க்கு இறங்கும். மூட்டை உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளியும் இருந்தால் 9 கிலோ! இரண்டு பேர் பிடித்தாலும் ஆளுக்கு 25 கிலோ வருகிறதே. வண்டியென்றால் மூட்டையை நிமிர்த்தி, அடித்தகட்டை அடியில் செருகிச் சாய்த்தால் போதும்; தூக்கவே வேண்டாம். பாரம் அச்சுக்கு மேலே வரும் அளவுக்குச் சாய்த்தால் கைக்குக் கனமே தெரியாது.

வண்டி சொதப்புவது வாசற்படியில். சின்னச் சக்கரம் முட்டும்போது அந்த உதறல் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கும். காற்றடித்த பெரிய சக்கரம் வாங்குங்கள். படி ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்று சரிவுப் பலகை போடுங்கள். இரண்டு மூட்டையும் 15 கிலோ வண்டியும் சேர்ந்தாலும், உராய்வு நீங்கலாக, தள்ள வேண்டிய விசை 10 கிலோவுக்குள் அடங்கும்.

அதற்காகத் தலைச்சுமையை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. சிமெண்டைப் பத்து மூட்டை உயரத்துக்கு மேல் அடுக்குவதில்லை. அடி மூட்டை இறுகிக் கட்டியாகிவிடும். கீழ் வரிசைகளுக்கு வண்டிதான். மேல் மூன்று, நான்கு வரிசைக்கு வண்டியில் கொண்டுவந்தால் மறுபடி தரையிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். அங்கே லாரித் தளத்திலிருந்து நேராகத் தலைக்கு மாற்றி, அடுக்கின் மேல் இறக்கிவிடுவதே மேல். அப்போதும் ஏற்றிவிட லாரி மேல் இரண்டு பேர் நிற்க வேண்டும்.