ஜோகன்னஸ்பர்க் குளிரில் ஆர்ட்டீமியா பொரிப்பு: பல வருட அனுபவம்

ஏஞ்சல் மீனை முட்டை வைக்கச் செய்வது பெரிய வித்தை இல்லை. நல்ல ஜோடி அமைந்துவிட்டால், முட்டையை எடுக்க எடுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய அன்று வாயில் என்ன கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொடித்த தீவனத்தைத் தூவினால் கண்டுகொள்வதே இல்லை. அசையாத எதையும் அவை சாப்பாடாக மதிப்பதில்லை. தீவனம் அடியில் அழுகி, தண்ணீர் கெட்டு, ஒரு வாரத்துக்குள் டேங்க் காலியாகிவிடும். அதனால்தான் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவுக்குக் குடிவந்து மீன் வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து, உப்பு நீரில் வாழும் பொடி இறால் வகையான ஆர்ட்டீமியாவை வீட்டிலேயே முட்டையிலிருந்து பொரித்துக்கொண்டிருக்கிறேன். கவிழ்த்த பாட்டில், காற்றே இல்லாத தட்டு, ஓடு நீக்கிய முட்டை என்று மூன்று வழியிலும் பல வருடம் ஓட்டியாகிவிட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில், ஒன்றிரண்டு ஜோடி வைத்திருப்பவருக்குத் தட்டே போதும். பிளாஸ்டிக் பாட்டிலை மூடி கீழே வரும்படி கவிழ்த்து, உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டு, ஏர் பம்பால் காற்றடிக்கும் பாட்டில் முறையைத்தான் எல்லாரும் சொல்வார்கள், அது தப்பில்லை. ஆனால் அது நாள் முழுக்க கரண்ட் இருக்கும் வெப்பமான ஊருக்கு எழுதப்பட்ட முறை. நமக்கு இங்கே இரண்டும் நிச்சயமில்லை.

முதலில் முட்டை. பார்வைக்கு நாட்டுச் சர்க்கரைத் தூள் மாதிரி இருக்கும் இந்தப் பொடியில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2.5 லட்சம் முட்டை உண்டு. கடைக்கு வருவதில் பெரும்பங்கு அமெரிக்காவின் யூட்டாவில் இருக்கும் கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருவது. அங்கே அக்டோபரில் அறுவடை தொடங்கும். ஏரியின் மேல் பழுப்புக் கோடுகளாக மிதக்கும் முட்டையைச் சிறு விமானத்தில் பறந்து கண்டுபிடித்து, மிதவை வேலி போட்டு வளைத்து அள்ளுகிறார்கள். ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் சுருங்கும். விலை ஏறி இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம், எல்லாவற்றையும் கடைக்காரர் தலையில் போட வேண்டாம்.

பாக்கெட்டில் 80, 90 என்று போட்டிருப்பது பொரிப்பு விகிதம், அதாவது நூற்றுக்கு எத்தனை பொரிக்கும் என்பது. நான் 90-க்குக் குறைந்து வாங்குவதில்லை. மலிவான பாக்கெட்டில் மிச்சமாகும் பணம், பொரியாத முட்டையைப் பிரித்தெடுக்கும் எரிச்சலில் போய்விடும். டின்னில் அடைத்து வருவதை மட்டும் வாங்குங்கள். ஒரு கடையில் பெரிய டின்னைப் பிரித்து ஜிப் பையில் கட்டி விற்றார்கள். பாதிகூடப் பொரியவில்லை. ஈரம் ஏறிய முட்டை உள்ளே விழித்துக்கொண்டு, பொரிக்கவும் முடியாமல், மறுபடி உறங்கவும் முடியாமல் செத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

டின்னைத் திறந்ததும் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஒன்றை மட்டும் வெளியில் வைத்துவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் அடுக்குவேன். இதில் வீட்டுக்குள் ஒரு அரசியல் உண்டு. “என்னங்க, இட்லி மாவுக்குப் பக்கத்தில இந்த இறால் முட்டையை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கேட்டால், “மூடி இறுக்கமாத்தான்மா இருக்கு” என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஒரு வசதி, ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும். டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் மதுரைக்கார அண்ணன் ஒருவர், “தம்பி, உங்க ஊர்ல முட்டை கெடாது, எங்க ஊர்ல தண்ணி குளிராது. ரெண்டும் ஒரே ஊர்ல இருந்திருக்கலாம்” என்று புலம்புவார். அங்கே கடற்காற்று ஈரத்தில் புட்டியைத் திறந்து மூடுவதே ஆபத்து.

உப்பு பற்றி ஒரு வீண் பயம் இருக்கிறது. அயோடின் சேர்த்த உப்பு ஆகாது என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 1995-லிருந்தே சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம். அந்த உப்பிலும் பொரித்திருக்கிறேன், அயோடின் இல்லாத கல் உப்பிலும் பொரித்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. லிட்டருக்கு 25 முதல் 30 கிராம். கல் உப்பை ஸ்பூனால் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வரும், சமையலறைத் தராசில் நிறுத்துவிடுங்கள். கூடவே சமையல் சோடா ஒரு சிட்டிகை. தண்ணீர் சற்றுக் காரமாக, பி.எச். 8-க்கு மேல் இருந்தால் நன்றாகப் பொரிக்கும்.

இப்போது வெப்பம். 26 முதல் 28 டிகிரியில் 18-லிருந்து 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் நம் வீடுகளில் சமையலறை இரவு 14, 15 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். இங்கே சுவரும் கூரையும் குளிரைத் தடுக்கக் கட்டியதில்லை. அந்தக் குளிரில் விட்டால் இரண்டு நாள், மூன்று நாள் ஆனாலும் ஒன்று இப்போது, ஒன்று அப்புறம் என்று சொட்டுச் சொட்டாகப் பொரிக்கும். முதலில் பொரித்தது கடைசி வருவதற்குள் தன் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவைத் தின்று தீர்த்திருக்கும். அந்தக் கருதான் மீன் குஞ்சுக்கு நாம் கொடுக்கும் சத்து.

இதற்கு நான் கண்ட வழி, பிராய் என்று இங்கே சொல்லும் இறைச்சி சுடும் விருந்துக்குப் போகும்போது தூக்கிப்போகும் கூலர் பாக்ஸ். அடியில் ஒரு சாண் தண்ணீர், அதில் டேங்குக்குப் போடும் சின்ன ஹீட்டர் ஒன்று 28 டிகிரிக்கு, அந்தத் தண்ணீருக்குள் பொரிப்புப் பாத்திரம். தெர்மக்கோல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். கூலர் பாக்ஸ் இல்லாதவர்கள் புட்டியை நேராகப் பெரிய டேங்கிலேயே மிதக்கவிடலாம். அங்கே ஏற்கெனவே ஹீட்டர் ஓடுகிறது.

கரண்ட் என்றதும் லோட் ஷெடிங், அதாவது அட்டவணை போட்டு நடக்கும் மின்வெட்டுக் கதைக்கு வந்தாக வேண்டும். 2022, 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான மின்வெட்டு நிலை ஓடிய நாட்களில் ஒரே நாளில் பல தடவை போகும். 2024 மார்ச் கடைசியில் நின்றது, பத்து மாதம் நிம்மதி, 2025 ஜனவரி கடைசியில் மறுபடி தலைகாட்டியது. அது இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்பார்மர் கோளாறு என்று ஏதாவது ஒன்று இருக்கும். பாட்டில் முறையில் ஏர் பம்ப் நின்றால் என்ன ஆகும்?

பலரும் நினைப்பதுபோல எல்லாம் போய்விடாது. பொரிப்பதற்கு முன் முட்டைக்குள் இருக்கும் கரு, ஆக்சிஜன் இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும். காற்று வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஜேம்ஸ் கிளெக் என்ற அமெரிக்க ஆய்வாளர், நனைந்த முட்டைகள் ஆக்சிஜனே இல்லாமல் நான்கு வருடம் தாக்குப்பிடித்ததை 1997-இல் காட்டினார். ஆகவே முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கரண்ட் போனால் போகட்டும், பொரிப்பு தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஓட்டைவிட்டு வெளியே வந்தபின் கதையே வேறு. இரண்டு லிட்டர் பாட்டிலில் லட்சக்கணக்கில் நெருக்கிக்கொண்டிருக்கும்போது பம்ப் நின்றால் ஒரு மணி நேரத்திலேயே அடியில் வெளுத்த படலமாகப் படிய ஆரம்பிக்கும். அதனால் லோட் ஷெடிங் ஓடும் நாட்களில், எப்போது முட்டை போடுவது என்பதை நான் அதன் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவுசெய்வேன். மறுநாள் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை கரண்ட் இருக்குமானால் முந்தின இரவு எட்டு மணிக்குப் போடுவேன். இல்லையென்றால் போடுவதில்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்லக் கேட்டதில்லை. நாம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்றழுத்தம் குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. லிட்டருக்கு இரண்டு கிராம் முட்டை என்று படித்துவிட்டு அப்படியே போட வேண்டாம். ஒரு கிராமே இங்கே தாராளம்.

சரி, பாட்டிலில் அறுவடை. பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடுகள் மேலே ஏறி மிதக்கும், பொரியாத முட்டை மூடியின் குழியில் படியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, மூடிக்குச் சற்று மேலே பாட்டிலின் பக்கவாட்டில் போனின் டார்ச்சை ஒட்டிப்பிடித்தால், முதலில் ஒன்றும் இருக்காது. அப்புறம் வெளிச்சம் படும் இடத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. அது கண்ணெதிரே தடித்துக்கொண்டே போய், விரல் நகம் அளவு, பிறகு உள்ளங்கை அளவு. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துடித்துத் துடித்து நீந்துவது தெரியும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த இடத்தில் ஏர் குழாயை நுழைத்து உறிஞ்சி, சன்னமான வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடுக்க வேண்டியதுதான். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கும், வாளியில் ஓர் இரவு வைத்தால் போகாது. குஞ்சு டேங்கில் சேரும் எந்தத் தண்ணீருக்கும் குளோரமினை நீக்கும் கண்டிஷனர் போட்டுவிடுங்கள்.

என்ன செய்தாலும் கொஞ்சம் ஓடு கூடவே வந்துவிடும். அது செரிக்காது. சின்னக் குஞ்சுகளின் குடலை அடைத்துக்கொள்ளும். பாட்டிலை நான் குறைத்துக்கொண்டதற்குக் கரண்டுக்கு அடுத்த காரணம் இதுதான்.

தட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஐஸ்கிரீம் வரும் நீளமான பிளாஸ்டிக் டப்பா போதும். நடுவில் ஒரு தடுப்பு ஒட்டுங்கள், அடியில் அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு உப்புத் தண்ணீர். ஒரு பக்கம் முட்டையைச் சிட்டிகையால் தூவி, அந்தப் பக்கத்தைக் கறுப்பு அட்டையால் மூடிவிடுங்கள். மறுபக்கம் வெளிச்சம். பொரித்தவை தடுப்புக்கு அடியில் புகுந்து வெளிச்சத்துக்கு வரும், ஓடும் பொரியாததும் இருட்டுப் பக்கமே கிடக்கும். தண்ணீர் மெல்லிசாக, பரப்பு அகலமாக இருப்பதால் பம்ப் தேவையில்லை. ஒரு விஷயம், முதல் சில மணி நேரம் முட்டைக்கும் வெளிச்சம் வேண்டும், அதுதான் பொரிப்பைத் தூண்டுவது. ஆகவே இரவு தூவி, விளக்கடியில் வைத்து, படுக்கப்போகும்போது அட்டை போடுவேன். இந்தத் தட்டைக் கூலர் பாக்ஸில் ஹீட்டர் தண்ணீர் மேல் மிதக்கவிட்டால் குளிர்காலமும் தெரியாது, கரண்ட் போவதும் தெரியாது. குறை ஒன்று உண்டு, விளைச்சல் கம்மி. இருநூறு குஞ்சுக்கு மேல் நீந்தினால் பாட்டிலையும் சேர்த்து ஓட்டத்தான் வேண்டியிருக்கும்.

ஓடு நீக்கும் முறை கைவேலை அதிகம், ஆனாலும் வருடத்தில் ஒருமுறை செய்கிறேன். முட்டையை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வாசனையும் கெட்டிப்பும் சேர்க்காத சாதா ஜிக் (துணி வெளுக்கும் ப்ளீச்) ஊற்றிக் கிளறினால் பழுப்பு சாம்பலாகி, வெளுத்து, கடைசியில் ஆரஞ்சாகும். பாத்திரம் சூடேறும், ஐஸ் பக்கத்தில் இருக்கட்டும். ஆரஞ்சு வந்த உடனே வலையில் கொட்டி, நாற்றம் போகும்வரை அலசி, கண்டிஷனர் போட்ட தண்ணீரில் முக்கியெடுக்க வேண்டும். சிலர் வினிகர் ஊற்றச் சொல்வார்கள். ஜிக் மிச்சமிருக்கும்போது வினிகர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், சமையலறையில் அந்த விளையாட்டு வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்தே செய்யுங்கள். ஓடு போன முட்டையைக் கெட்டி உப்புத் தண்ணீரில் ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். பொரிக்காமலே கொடுக்கலாம், ஆனால் அடியில் படிந்துவிடும். அடியில் மேயும் கோரிடோராஸ் குஞ்சுகளுக்கு அருமை, ஏஞ்சலுக்கு வீண்.

கொடுக்கும் அளவுக்கு எனக்கு ஒரே கணக்கு, குஞ்சின் வயிறு. போட்ட சில நிமிடங்களில் கண்ணாடி மாதிரியான உடம்புக்குள் வயிறு ஆரஞ்சாக உப்பி நிற்க வேண்டும். நின்றுவிட்டால் போதும், மேற்கொண்டு போடாதீர்கள். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், மிச்சம் செத்து அழுகும். மீதியை உப்புத் தண்ணீரோடு அகலமான பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் கருவைச் செலவழிக்காமல் மறுநாள் வரை சோம்பிக் கிடக்கும். பெட்டா (சண்டை மீன்) வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். முதல் சில நாள் அந்தக் குஞ்சுகளின் வாய்க்கு இதுவே பெரிசு, இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்களையோ வினிகர் புழுவையோ கொடுத்துவிட்டு இதற்கு வரலாம்.

ஆர்ட்டீமியா தொடர்ந்து போடும் டேங்கில் ஒருநாள் கண்ணாடியில் வெள்ளை நூல் துண்டுகள் ஒட்டிக்கொண்டு கைகளை விரித்திருக்கும். அது ஹைட்ரா, குஞ்சையே பிடித்துத் தின்னும். நாய்க்குப் பூச்சி மருந்தாகக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் அதைக் கொன்றுவிடும். நெரைட் மாதிரி நத்தைகளையும் கொல்லக்கூடும், அவற்றை முதலில் வேறு டேங்குக்கு மாற்றிவிட்டு மருந்து போடுங்கள்.