சுண்ணாம்புச் சுவரும் கறுப்பு வேட்டியும்: நாலு வருஷம் கழித்து

திருவாரூரில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கியிருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "நீதான் உங்க தாத்தா வீட்டை நீயே செஞ்சியே, சுவருக்குச் சுண்ணாம்பா எமல்ஷனா? தரையை உடைச்சுடவா, விட்டுடவா?" அன்றைக்கு இருந்த கடுப்பில் எமல்ஷன் அடித்துத் தொலை என்று வைத்துவிட்டேன். ஆற அமர எழுதினால் கொஞ்சம் நியாயமாக வரும் என்று பார்க்கிறேன்.

எங்கள் வீடு மாயவரம் பக்கம். நாட்டு ஓடு, செங்கல், சுண்ணாம்புக் காரை, கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை. காவிரிக் கரை ஊர்களில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓதத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கால அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. மண்ணில் இருக்கிற தண்ணீர் செங்கல் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய் உலரும். அவ்வளவுதான் ஏற்பாடு. எனக்கு முன்னால் யாரோ ஒருவர், ஓதத்தை அடைக்கிறேன் என்று அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். வெளியே போக வழியில்லாத ஈரம் என்ன செய்யும்? இன்னும் மேலே ஏறியது. சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே சுவர் முழுக்கப் பொரிந்து, தொட்டால் பெயின்ட் அப்பளமாக உடைந்தது.

அந்தச் சிமென்டைக் கொத்தி எடுத்ததுதான் நான் செய்த முதல் வேலை. கொத்தனார் வேலையில் எனக்கு அனுபவம் பூஜ்யம். உளி, சுத்தியல், கரணை மூன்றும் பக்கத்து வீட்டில் இரவல். செங்கல் தெரிந்ததும் பூச அவசரப்படாமல் உலர விட்டேன். உலர உலர உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும்தான் தட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். அப்புறம் ஊற வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பிசைந்து அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசினேன். வெயில் படுகிற பக்கம் நனைந்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். சுண்ணாம்புப் பூச்சு வேகமாகக் காய்ந்தால் முடி முடியாக வெடிக்கும்.

அதன் மேல் வெள்ளை. கல் சுண்ணாம்பு வாங்கி இரும்பு டிரம்மில் நீற்ற வேண்டும். தண்ணீர் பட்டதும் குழம்பு மாதிரி கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் பசையும் துளி நீலமும் சேர்த்து, நனைத்த சுவரில் அடிக்கிறோம். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. வெறும் அழுக்குத் தண்ணீரைத் தடவுவது போல இருக்கும், வீட்டில் சிரிப்பார்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் சுவர் வெளுத்து நிற்கும். காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறுகிற வேலை அது. ஒவ்வொரு பூச்சுக்கும் அந்த வெளுப்பைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுந்தேன்.

நாலு ஐப்பசி மழை பார்த்தாயிற்று. ஓதம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. மழைக்காலத்தில் அடிச்சுவர் லேசாகக் கருக்கும், தை பிறந்ததும் தானாக வெளுத்துவிடும். பொரிவது இல்லை, பூஞ்சை இல்லை, அந்தப் பழைய புழுங்கல் வாடை இல்லை. சித்திரை மத்தியானம் கூடத்தில் படுத்தால் ஃபேன் ஒன்றில் வைத்தாலே போதும். எங்காவது கீறல் விழுந்தால் ஒரு மக் சுண்ணாம்பில் வேலை முடிந்தது. எமல்ஷனில் இப்படி ஒட்டுப்போட்டால் தேமல் விழுந்த மாதிரி தனியாகத் தெரியும்.

இவ்வளவும் இருந்து என்ன பிரயோஜனம்? சாய முடியவில்லை.

சுண்ணாம்புச் சுவர் ஒட்டும். கெட்டியாக அடித்தால் ஒட்டும், காய்ந்த சுவரில் அடித்தால் ஒட்டும், அதனால் பால் பதத்தில் நனைத்து அடி என்பார்கள். அப்படித்தான் அடித்தேன். பழைய பூச்சைவிடக் குறைவாக ஒட்டுகிறது, அவ்வளவுதான். நம் ஜனங்களுக்கோ சுவரைக் கண்டால் சாயாமல் இருக்க முடியாது. அதிலும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தால் முதுகு தன்னால் சுவரைத் தேடிப் போகும். என் மனைவியின் கருநீலப் புடவைகள் இப்போது இந்த வீட்டுக்கு வருவதே இல்லை. பையனின் பள்ளிக்கூட பேன்டைப் பார்த்தால் எந்த அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான் என்று சொல்லிவிடலாம்.

உச்சம் இந்தக் கார்த்திகையில். மச்சான் மாலை போட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் பூஜை வைத்தோம், கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டோடு சாமிமார் வந்து கூடம் முழுக்கச் சுவரோரமாக உட்கார்ந்து பஜனை பாடினார்கள். முடிந்து எழுந்தார்கள் பாருங்கள், ஒருவர் பாக்கியில்லாமல் முதுகு வெள்ளை. குருசாமி திரும்பிப் பார்த்து, "என்ன சாமி, வீட்டிலேயே விபூதி அபிஷேகமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட, தரையெல்லாம் வெள்ளைத் தூள். நான் துடைப்பத்தோடு நின்றேன். மறுநாள்தான் நண்பனின் போன்.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடைக்காதே. எங்கள் ஆக்சைடு தரையில் வெடிப்பும், உரல் வைத்த இடத்தில் குழியும் இருந்தன. குழியைச் சதுரமாக வெட்டி, ஓரத்தைச் செங்குத்தாக எடுத்து, நனைத்து, சிமென்ட் பால் தடவி, நிறம் கலந்த சாந்தை வைத்து இழைத்து, ஒரு வாரம் தண்ணீர் கட்டினேன். ஆக்சைடு பொடியைச் சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதே, நிறம் ஏறும், பலம் போய்விடும். எவ்வளவு பார்த்துக் கலந்தாலும் பழைய நிறம் வராது. பல வருஷம் காலடி பட்டு, எண்ணெய் பட்டு வந்த சிவப்பு அது. ஒட்டு இன்றைக்கும் தெரிகிறது, ஆனால் துடைக்கத் துடைக்க அதிலும் பளபளப்பு ஏறிவிட்டது. மாதம் ஒரு முறை துணியில் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும். ஆசிட் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. தரை விஷயத்தில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தரையில் யாரும் சாய்வதில்லை.

சரி, தீர்ப்பு. சுவருக்கு எது நல்லது என்றால் சுண்ணாம்பு. வீட்டுக்கு எது நல்லது என்றாலும் சுண்ணாம்பு. உனக்கு எது நல்லது என்று கேட்டால், எமல்ஷன் அடித்துத் தொலை. ஓதம் பொரியட்டும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டு அடி, வீட்டுக்கு வந்தவர்களாவது நிம்மதியாகச் சாய்வார்கள். இடுப்பு உயரத்துக்குப் பாய் அடிக்கலாம், பலகை அடிக்கலாம் என்று யோசனை சொல்லாதே. எல்லாம் கேட்டாயிற்று, அதற்குப் பின்னால் ஈரம் தங்கினால் பழைய கதைதான்.

அப்படியும் சுண்ணாம்புதான் என்றால் மழை விட்டதும் மார்கழி, தையில் அடி; வெயில் ஏறிவிட்டால் வேண்டாம். நீற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள், கையில் எண்ணெய் தடவிக்கொள். கல் நல்லதாகக் கிடைத்தால் எனக்கும் சேர்த்து ஒரு மூட்டை எடுத்து வை. கூடத்துக்கு இந்தப் போகிக்குள் ஒரு பூச்சு அடித்தாக வேண்டும், சாமிமார் முதுகோடு பாதி போய்விட்டது.