அத்தையின் வேர்களைத் தேடி கியூபெக் பதிவேடுகளில் நாலு வருடம்

என் கணவரின் அம்மா கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், "எங்கள் ஆட்கள் பிரான்சிலிருந்து எப்போது வந்தார்களோ, யாருக்குத் தெரியும்" என்றார். அன்றிரவு கணினி முன் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் செய்த தப்பு, இணையத்தில் யாரோ போட்டுவைத்திருந்த குடும்ப மரத்தை அப்படியே நம்பியது. அதில் தகப்பன் பிறப்பதற்கு முன்பே மகன் பிறந்திருந்தான். ஐந்து மாத உழைப்பு வீணாகப் போனது. அதற்குப் பிறகுதான் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 1966-இல் தொடங்கிய பி.ஆர்.டி.எச். தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டினேன். 1621 முதலான கத்தோலிக்க ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளை ஆள்வாரியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்தது வீண்போகவில்லை. மூலப் பக்கங்களின் படங்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பாதியில் நின்றுவிடுவோம். கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இங்கே கியூபெக்கில் பாதிரியார்கள் திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவரின் தாய் தகப்பன் பெயரையும் எழுதினார்கள். தாய்க்கு அவள் பிறந்த வீட்டுப் பெயர்தான். அதனால் ஒரு கல்யாணம் கிடைத்தால் மேலே இரண்டு கல்யாணங்களுக்கு வழி திறக்கும். மறுமணம் என்றால் மட்டும் பெற்றோருக்குப் பதிலாக இறந்துபோன துணையின் பெயர் இருக்கும். அப்போது முதல் கல்யாணத்தைத் தேடிப் போக வேண்டும்.

அத்தையின் குடும்பப் பெயர் போல்யூ. ஒரு தலைமுறைக்கு மேல் போல்யூ என்று ஒருவரையும் காணோம். மூன்று மாதம் அலைந்தேன். ஒரு மாலை, ரிவியேர்-உவெல் என்ற ஊரின் பதிவேட்டில் மங்கிப்போன மையில் "யூடோன் டி போல்யூ" என்று கண்ணில் பட்டது. 'டி' என்றால் 'என்கிற'. நம் ஊர்ப் பத்திரத்தில் 'முருகேசன் என்கிற மணி' என்று எழுதுவோமே, அதேதான். 1676-இல் மரி கோபேய் என்ற பெண்ணைக் கட்டிய பியேர் யூடோனிலிருந்து வந்த வம்சம் இது. பிற்காலத்தில் ஒரு கிளை யூடோனை வைத்துக்கொண்டது, இன்னொரு கிளை போல்யூவை. ஆனால் எல்லாப் போல்யூவும் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டப்பெயர் வேறு குடும்பங்களுக்கும் உண்டு. பிரான்சிலிருந்து 1665-இல் வந்த கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் வீரர்கள் பலருக்கும் இப்படிப் படைப் பெயர்கள் இருந்தன. அமெரிக்க ஆலைகளுக்கு வேலை தேடிப் போனவர்களைத் தேடுவது இன்னும் கஷ்டம். அங்கே பெயரையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: புவாவேர் கிரீன்வுட் ஆனார், ருவா கிங் ஆனார்.

அப்புறம், முன்பெயர்கள். ஆண் குழந்தைக்கு ஜோசப்பும் பெண் குழந்தைக்கு மரியும் முன்னால் சேர்ப்பது வழக்கம் என்பதால், ஒரே வீட்டில் நாலு மரி இருப்பார்கள். கடைசியாக வரும் பெயர்தான் பெரும்பாலும் கூப்பிட்ட பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது பெண்களின் பெயர். அந்தப் பதிவேடுகளில் மரி கோபேய் கல்யாணத்துக்குப் பிறகும் மரி கோபேய்தான். ஊரில் 'திருமதி இன்னார்' என்று கூப்பிட்டாலும், காகிதத்தில் பிறந்த வீட்டுப் பெயர் தங்கியது. 1981-இல் வந்த சட்டம் அதையே விதியாக்கியது. நானும் இங்கே கல்யாணம் செய்தபோது, என் பெயரோடு இருந்த அப்பாவின் பெயர் அப்படியே நின்றது.

போன மாதம் அந்த ரிவியேர்-உவெல் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். கடைசி வரியில், மணமக்கள் இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது என்று பாதிரியார் எழுதியிருந்தார். அத்தை அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "என் அம்மா வழியையும் பார்த்துவிடலாமா?" என்று கேட்டார். சரி என்று ஆரம்பித்துவிட்டோம். இப்போது 1740களில் ஒரு விதவையின் மறுமணத்தில் நிற்கிறோம்.