அதீனாவும் அட்லஸும்: மருத்துவமனை வேர்ஹவுஸுக்கு இந்த ஓசி ஆன்டாலஜி தேறுமா?

டேட்டா வேர்ஹவுஸ் (எல்லாத் துறையின் தரவையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் கிடங்கு) கட்டியாயிற்று, டாஷ்போர்டும் ஓடுகிறது, ஆனால் "போன வருஷம் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் வந்தார்கள்?" என்று ஒரு டாக்டர் கேட்டால் மூன்று அனலிஸ்ட்டுகள் மூன்று எண் சொல்கிறார்கள். மருத்துவத் தரவோடு மாரடிக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது. ஒருவர் ஐசிடி-10இல் (நோய்களுக்கான உலகப் பொதுக் கோடுப் பட்டியல்) இ11 என்று தொடங்கும் கோடுகளை மட்டும் எடுத்திருப்பார், இன்னொருவர் இ10 முதல் இ14 வரை அள்ளியிருப்பார், மூன்றாமவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எழுதப்பட்டவர்களையும் சேர்த்திருப்பார். ஸ்டார் ஸ்கீமா (நடுவில் நிகழ்வு டேபிள், சுற்றிலும் டைமென்ஷன் என்ற விவர டேபிள்கள் கொண்ட அமைப்பு) எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இந்தச் சண்டை தீராது. எந்த நோய் எதன் வகை என்ற அறிவு டைமென்ஷன் டேபிளில் இல்லை, ஒவ்வொருவர் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழி) க்வெரியில் எழுதிய 'லைக்' கண்டிஷனுக்குள், அதாவது 'இப்படித் தொடங்கும் கோடு' என்று தேடும் வரிக்குள் கிடக்கிறது. அதை அங்கிருந்து பிடுங்கி எல்லோருக்கும் பொதுவான ஒரு டேபிளாக வைப்பதற்குத்தான் டொமைன் ஆன்டாலஜி, அதாவது ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் எழுதிவைத்த தொகுப்பு.

இதற்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரியது ஒடிசி (OHDSI) அமைப்பின் ஓமாப் (OMOP) வொகாபுலரி, பல மருத்துவக் கோடுப் பட்டியல்களை ஒன்றோடொன்று இணைத்த தொகுப்பு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பங்கெடுத்த ஒரு மருந்துப் பாதுகாப்பு ஆய்வுத் திட்டத்தில் பிறந்தது, 2014 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட திறந்த கூட்டமைப்பு நடத்துகிறது. வொகாபுலரியை இறக்குவதற்கு அதீனா என்ற தளம். இறக்கியதை வைத்துக் கேள்வி கேட்பதற்கு அட்லஸ் என்ற வெப் ஆப். நான் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் ஏற்றி, சிந்தியா என்ற நிரல் உருவாக்கும் கற்பனை நோயாளிகளை வைத்தும், ஓமாப் வடிவிலேயே (அதே அமைப்பின் பொது டேபிள் அமைப்பில்) வெளியிட்டிருக்கும் மிமிக்-4 டெமோ தரவை வைத்தும் பார்த்தேன். டெமோவில் 100 நோயாளிகள்தான், ஆனால் நிஜ மருத்துவமனைத் தரவு.

முதலில் இறக்கும் கதை. அதீனாவில் லாகின் செய்து வேண்டிய வொகாபுலரிகளை டிக் அடித்தால் ஜிப் ஃபைலுக்கு லிங்க் மெயிலில் வரும். அதில் சிபிடி4 என்ற ஒன்றுக்கு மட்டும் யூஎம்எல்எஸ் (அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் சொல்தொகுப்பு) கீ வாங்கி ஒரு ஜாவா நிரலைத் தனியாக ஓட்டவேண்டும். அது அமெரிக்க பில்லிங் கோடு, இந்தியத் தரவுக்கு அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, டிக்கை எடுத்துவிடுங்கள். வரும் ஃபைல்களின் பெயர் சிஎஸ்வி என்று முடியும், உள்ளே கமா இருக்காது, டேப்தான் பிரிப்பான். கான்செப்ட் (ஐடி எண் கொடுத்த ஒவ்வொரு நோய், மருந்து, டெஸ்ட்) பெயர்களுக்குள் இரட்டை மேற்கோள் குறிகள் வேறு இருப்பதால் மேற்கோளைப் பொருட்படுத்தாதபடி செட்டிங் வைக்காமல் ஏற்றினால் வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இண்டெக்ஸைக் கடைசியில் போடுங்கள், டேபிள்கள் பெரிசு.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இந்த வொகாபுலரியில் நோய்களுக்கான முதுகெலும்பு ஸ்னோமெட் சிடி என்ற சர்வதேச மருத்துவச் சொல்தொகுப்பு. இந்தியா 2014 முதல் அதன் உறுப்பு நாடு, புனேயில் அரசின் சி-டாக் நிறுவனத்தில் உள்ள தேசிய மையத்தில் பதிவுசெய்தால் காசு கிடையாது. மருந்துக்கு ஆர்எக்ஸ்நார்ம், லேப் டெஸ்டுக்கு லாயின்க்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த மொத்த மூட்டையிலும் ஒரு டேபிள்தான் ஹீரோ, கான்செப்ட் ஆன்செஸ்டர். நாலே நாலு காலம் (நெடுவரிசை): மூதாதை ஐடி, வாரிசு ஐடி, இருவருக்கும் இடையே குறைந்தபட்சம் எத்தனை படி, அதிகபட்சம் எத்தனை படி. ஒவ்வொரு கான்செப்டும் பூஜ்யம் படியில் தனக்குத் தானே மூதாதையாகவும் இருக்கும். ஆன்டாலஜியின் 'இது அதில் ஒரு வகை' என்ற உறவை எல்லாத் தலைமுறைக்கும் முன்கூட்டியே விரித்துப்போட்டிருக்கிறார்கள், அதனால் ரீசனர் (தர்க்கப்படி முடிவெடுக்கும் நிரல்), ஸ்பார்க்கிள் (ஆன்டாலஜியைக் கேள்வி கேட்கும் மொழி), ட்ரிபிள் ஸ்டோர் (அதற்கான டேட்டாபேஸ்) எதுவும் தேவையில்லை, ஒரு ஜாயின் (இரண்டு டேபிளை இணைக்கும் எஸ்க்யூஎல் கட்டளை) போதும். நோயறிதல் டேபிளை வாரிசு ஐடியில் ஜாயின் செய்து, மூதாதை 201820, அதாவது நீரிழிவு, என்று ஃபில்டர் போட்டால் அதன் கீழுள்ள அத்தனை வகையும் வந்துவிடும். டாக்டர் மனசு மாறி "டைப் 2 மட்டும் போதும்" என்றால் 201826 என்று மாற்றுங்கள், க்வெரியில் வேறு எதையும் தொடவேண்டாம். எஸ்க்யூஎல் தெரிந்த யாரும் அன்றைக்கே பயன்படுத்திவிடலாம். இந்தத் துறையில் நான் பார்த்த கருவிகளில் இப்படிச் சொல்லக்கூடியவை ரொம்பக் குறைவு.

ஆன்டாப் என்ற ஆன்டாலஜிக் கருவியின் பக்கம் போனவர்களுக்கு இந்த அருமை புரியும். இத்தாலியின் போல்சானோ பல்கலைக்கழகத்தில் உருவான அது நல்ல கருவி, ஆன்டாலஜி வழியாகக் கேட்கும் கேள்வியை அந்தக் கணமே எஸ்க்யூஎல்லாக மாற்றித் தரும், தரவை நகர்த்தவே வேண்டாம். ஆனால் அது முழுசாகப் புரிந்துகொள்வது ஓடபிள்யூஎல்-2 என்ற ஆன்டாலஜி மொழியின் க்யூஎல் ரகத்தை, ஸ்னோமெட்டோ அதன் இஎல் ரகம், இரண்டும் முழுசாகப் பொருந்தாது. போதாக்குறைக்கு உங்கள் டீம் ஸ்பார்க்கிள் கற்கவேண்டும்.

இப்போது குறைகள். முதல் குறையைப் புரிந்துகொள்ளாமல் யாரும் இதைத் தொடவே கூடாது என்பேன். 201820-ஐ வாரிசுகளோடு எடுத்துவிட்டால் சர்க்கரை நோய் சம்பந்தப்பட்ட எல்லாம் வந்துவிடும் என்று நினைப்போம், வராது. சர்க்கரையால் கண் விழித்திரை கெட்ட நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னோமெட்டின் கணக்கில் விழித்திரை நோய் என்பது சர்க்கரையின் ஒரு வகை இல்லை, சர்க்கரை 'காரணமாக' வந்த வேறு நோய். தர்க்கப்படி அது முழுக்கச் சரி. ஆனால் ஆன்செஸ்டர் டேபிள் வகை உறவை மட்டும்தான் விரிக்கிறது, காரண உறவு வேறு டேபிளில் தனியாக நிற்கிறது. மருத்துவமனையில் அந்த நோயாளிக்கு ஐசிடி-10இன் எச்36.0 மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் உங்கள் எண்ணிக்கையில் அவர் இல்லை. இன்னொரு பக்கம், கர்ப்பகால நீரிழிவு கேட்காமலே உள்ளே வந்து உட்காரும், ஐசிடியில் அது ஓ24 என்று மகப்பேறு அத்தியாயத்தில் தனியாக இருந்ததால் பழைய 'லைக்' க்வெரியில் நமக்கு அந்தத் தொல்லை இருந்ததே இல்லை. ஆகவே 442793, சர்க்கரையால் வரும் சிக்கல்கள், சேர்க்கவேண்டும். 4058243, கர்ப்பகாலம், நீக்கவேண்டும். அனுபவசாலிகளின் கான்செப்ட் செட்டுகளில் (ஒரு கேள்விக்காகத் தேர்ந்தெடுத்த கான்செப்டுகளின் பட்டியல்) இந்தக் கூட்டல் கழித்தல் தவறாமல் இருக்கும். ஆனால் புதிதாக வருபவருக்கு இதை எடுத்துச் சொல்லும் ஒரு வரி எச்சரிக்கைகூட டேபிளுக்குள் கிடையாது.

இரண்டாவது, டாஷ்போர்டு ஆட்களுக்கு. ஸ்னோமெட்டில் ஒரு நோய்க்குப் பல பெற்றோர். சர்க்கரையால் வந்த சிறுநீரக நோய், சிறுநீரக நோய்களின் கீழும் இருக்கும், சர்க்கரைச் சிக்கல்களின் கீழும் இருக்கும். பெற்றோர் வாரியாக எண்ணி, வந்ததைக் கூட்டிப் போட்டால் அதே ஆள் இரண்டு தடவை வருவார். ஓலாப் கியூப் (அறிக்கைக்காகத் தொகைகளை முன்பே கூட்டிவைக்கும் அமைப்பு) எல்லாம் பிள்ளைக்கு ஒரே பெற்றோர் என்று நம்பி எழுதப்பட்டவை, வேர்ஹவுஸ் பாடத்தில் பிரிட்ஜ் டேபிள் (ஒன்றைப் பலவற்றோடு இணைக்கும் இடை டேபிள்) என்று படித்தோமே அந்தப் பிரச்சினையேதான், இங்கே ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. நோயாளி ஐடியைத் தனித்தனியாக எண்ணுங்கள், மொத்தத்தை எப்போதும் புதிதாகக் கணக்கிடுங்கள், கூட்டவே கூட்டாதீர்கள். மருந்திலும் இதே வம்புதான். கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை நம் ஊரில் எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லத் தேவையில்லை, அது இரண்டு மூலப்பொருளுக்கும் வாரிசு.

இதோடு, படி எண்ணிக்கை காலத்தைப் பார்த்ததும் "மூன்றாம் படி வரை ரோல்-அப் செய்யலாமே" (மேல்மட்டத்துக்குக் கூட்டிக் காட்டலாமே) என்று தோன்றும், செய்யாதீர்கள். ஸ்னோமெட் மரத்தில் ஒரு கிளை ஆழமாகப் போகும், பக்கத்துக் கிளை இரண்டே படியில் முடியும். ஒரே படியில் நிற்கும் கான்செப்டுகள் ஒரே அளவு விவரம் உள்ளவை இல்லை. நிர்வாகத்துக்குக் காட்டும் மாதாந்திர அறிக்கைக்கு ஐசிடி அத்தியாயங்களே போதும், அதை மாற்றவேண்டாம்.

அட்லஸ் பற்றி. ப்ராட்சீ என்ற டாக்கர் தொகுப்பு வழியாகப் போட்டால் நிறுவுவது சுலபம். கான்செப்ட் செட் திரையில் ஒவ்வொரு வரிக்கும் வாரிசுகள், நீக்கு, மேப் ஆனவை என்று மூன்று டிக் இருக்கிறது, மேலே சொன்ன கூட்டல் கழித்தலை ஒரு வரி எஸ்க்யூஎல் எழுதாமல் செய்துவிடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு கான்செப்டுக்கும் பக்கத்தில் உங்கள் தரவில் அது நேரடியாக எத்தனை தடவை வந்திருக்கிறது, வாரிசுகளோடு சேர்த்து எத்தனை என்று இரண்டு எண் வரும். அக்கிலீஸ் என்ற இன்னொரு கருவியை முதலில் ஓட்டியிருந்தால்தான் வரும், அது வேறு விஷயம். ஒரு பெரிய கான்செப்டுக்குப் பூஜ்யம் காட்டினால் மேப்பிங்கில் (உங்கள் கோடுகளைக் கான்செப்டுகளோடு இணைத்ததில்) எங்கோ ஓட்டை என்று உடனே தெரியும். அப்புறம், கட்டிய கோஹார்ட்டை (நிபந்தனைக்குப் பொருந்தும் நோயாளிக் குழு) எஸ்க்யூஎல்லாகவே எடுத்துக்கொள்ளலாம், போஸ்ட்கிரஸ், ஆரக்கிள், பிக்க்வெரி எதற்கு வேண்டுமோ அதற்கு. திரை மட்டும் டெவலப்பரின் மனநிலையில் வரைந்தது, ஒரு டாக்டர் கையில் அப்படியே கொடுக்கமுடியாது, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

டெமோ பார்த்து ஏமாறாதீர்கள் என்று தனியாகச் சொல்லவேண்டும். சிந்தியா தரவு பிறக்கும்போதே ஸ்னோமெட், ஆர்எக்ஸ்நார்ம், லாயின்க் கோடுகளோடுதான் பிறக்கிறது, அதில் எல்லாம் பளிச்சென்று வேலை செய்யும். நிஜ மருத்துவமனையில் பாதி நோயறிதல் டாக்டர் டைப் செய்த வாசகம், மருந்தெல்லாம் பிராண்டுப் பெயர். உசாகி என்ற மேப்பிங் கருவி எழுத்து ஒற்றுமையை வைத்துப் பரிந்துரைக்கும், லேப் டெஸ்ட் பெயருக்கு உதவும், பிராண்டுப் பெயருக்கு அது என்ன செய்யும்? பிராண்டை மூலப்பொருளும் அளவுமாக முதலில் நீங்கள் பிரித்துத் தரவேண்டும், செலவு முழுக்க இங்கேதான். பொருந்தாதவற்றுக்கு 0 என்ற ஐடி, நீங்களே உருவாக்கும் கான்செப்டுகளுக்கு 200 கோடிக்கு மேலுள்ள ஐடிகள், அசல் கோடு தனிக் காலத்தில் பத்திரமாக இருக்கும். இந்த மூன்று ஏற்பாடும் யோசித்துச் செய்தவை, பாராட்டவேண்டும். ஆனால் எத்தனை சதவீதம் 0-வில் விழுந்தது என்பதைச் சொல்லாமல் எந்த எண்ணையும் வெளியே கொடுக்காதீர்கள்.

யாருக்கு வாங்கச் சொல்வேன் (காசில்லை, நேரம்தான் விலை)? பல மருத்துவமனைத் தரவைச் சேர்த்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இதைவிட வேறு தேர்வு இல்லை, தாராளமாக இறங்கலாம். பில்லிங், படுக்கை நிரம்பல், வருமானம் என்று மட்டும் பார்க்கும் வேர்ஹவுஸுக்கு வேண்டவே வேண்டாம். நடுவில் இருப்பவர்கள், ஐசிடி கோடு ஓரளவு ஒழுங்காக இருக்கிறது, டாக்டர்கள் அடிக்கடி கேள்வி கேட்கிறார்கள் என்ற நிலையில் உள்ளவர்கள், முழு ஓமாப் மாடலுக்கு மாறாமல் கான்செப்ட், உறவு, ஆன்செஸ்டர் ஆகிய மூன்று டேபிள்களை மட்டும் தங்கள் ஸ்டார் ஸ்கீமாவுக்குப் பக்கத்தில் ஏற்றி, ஐசிடியிலிருந்து ஸ்டாண்டர்ட் கான்செப்டுக்கு (ஸ்னோமெட் போன்ற பொதுக் கான்செப்ட்) போகும் மேப்பிங்கை டைமென்ஷனில் ஒரு காலமாகச் சேர்த்துப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் வொகாபுலரிப் பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு அறிக்கையிலும் அச்சிடுங்கள், அடுத்த பதிப்பில் ஒரு கான்செப்ட் வேறு பெற்றோருக்குக் கீழே போயிருந்தால் போன மாத எண் இந்த மாதம் மாறும், கேள்வி உங்களிடம்தான் வரும்.