வெண்பன்றிக் குட்டிகளுக்கு மீன் எண்ணெய்: எங்கள் பண்ணை அனுபவம்

பால் மறக்கடித்த குட்டிகளுக்கும் தாய்ப்பன்றிகளுக்கும் மீன் எண்ணெய் கொடுக்கலாம், பலன் உண்டு. கறிக்கு வளர்க்கும் பெரிய பன்றிகளுக்குத் தேவையில்லை. சில வருடங்களாகத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது. குறிஞ்சிப்பாடி பக்கம் யார்க்‌ஷயர் பன்றிகள் வளர்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகை ஈரம் காயாது. அந்தச் சமயத்தில் தாயைப் பிரித்த குட்டிகள்தான் அதிகம் அடிபடும்: கழிச்சல், காய்ச்சல், தீவனத் தொட்டிப் பக்கமே வராமல் மூலையில் ஒண்டிக் கிடப்பது.

இதில் கிருமி செய்யும் கெடுதல் பாதிதான். பால் நின்றதும் குடலின் உள்சுவர் பலவீனமாகிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் நஞ்சு உள்ளே கசிகிறது. உடம்பு அதை எதிர்க்க டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது. அளவு மிஞ்சினால் பசி செத்துப்போகும், சதை கரையும். வளர்ச்சிக்குப் போகவேண்டிய தீவனம் இந்தச் சண்டைக்கே செலவாகிவிடும்.

நம் ஊர்த் தீவனத்தையும் பாருங்கள். தவிடு, மக்காச்சோளம், சோயா எல்லாவற்றிலும் ஒமேகா-6 கொழுப்புதான் மேலோங்கி இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்களில் பலவற்றை உடம்பு அதிலிருந்துதான் தயாரிக்கிறது. மீன் எண்ணெயின் ஈபிஏ, டிஎச்ஏ ஆகிய ஒமேகா-3 கொழுப்புகள் செல்களின் சவ்வில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் உண்டாகும் பொருட்களின் வேகம் குறைவு. 2012இல் சீன ஆய்வாளர்கள் குட்டிகளுக்குத் தீவனத்தில் 5 சதவீதம் மீன் எண்ணெய் கொடுத்து, பிறகு பாக்டீரியா நஞ்சை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். சோள எண்ணெய் தின்ற குட்டிகளைவிட இவற்றின் குடல் நன்றாகத் தாங்கியது, அழற்சியும் குறைந்தது.

நான் 5 சதவீதம் போடுவதில்லை, கட்டுப்படியாகாது. 100 கிலோ குட்டித் தீவனத்துக்கு 1 கிலோ எண்ணெய். சவ்வில் கொழுப்பு மாற நாளாகும் என்பதால், ஈனுவதற்குச் சில வாரம் முன்பே தாய்க்கும் தொடங்கிவிடுவேன். பால் வழியாகவும் குட்டிக்குப் போய்ச்சேரும். எங்களிடம் கழிச்சல் அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் நோய்ப்பட்ட குட்டி சீக்கிரம் எழுந்து தொட்டிக்கு வருகிறது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள் எடை வித்தியாசமும் முன்னைப்போல் இல்லை. தரை ஈரமாகவே கிடந்தால், தடுப்பூசி தவறினால், எந்த எண்ணெயும் உதவாது.

எண்ணெய் வாங்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். கடலூர் முதுநகர்ப் பக்கம் மத்தி நிறைய இறங்கும், எண்ணெயும் கிடைக்கும். படகுக்குப் பூசும் தரத்தில் உள்ளதைத் தீவனத்தில் கலக்கவே கூடாது. ஒருமுறை கடைக்காரர் தந்த டின்னைத் திறந்ததுமே சிக்கு வாடை. அப்படியே திருப்பிக் கொடுத்தேன். சிக்குப் பிடித்த எண்ணெய் அழற்சியைத் தணிக்காது, கூட்டும். அதனால் சின்ன டின்னாக வாங்கி, வெயில் படாத இடத்தில் இறுக்கி மூடி வைக்கிறேன். அன்றன்றைய தீவனத்துக்கு மட்டும் கலக்கிறேன். வைட்டமின் ஈ கட்டாயம் சேர்க்க வேண்டும். சுறா ஈரல் எண்ணெய் வேறு சங்கதி. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், இதே அளவில் கொடுத்தால் நஞ்சாகிவிடும்.

பெரிய பன்றிக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் கறிதான். மீன் வாடை கொழுப்பில் ஏறும், கொழுப்பும் இளகிப்போகும். புதுச்சேரியிலிருந்து வரும் வியாபாரி ஒருமுறை முகம் சுளித்தால் மறுமுறை வரமாட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் புது எண்ணெய் கிடைப்பது கஷ்டம். அப்போது ஆளி விதையை அரைத்துக் கலக்கிறேன். அதிலும் ஒமேகா-3 உண்டு. ஆனால் பன்றி உடம்பில் அது டிஎச்ஏவாக மாறுவது மிகக் குறைவு. மீன் எண்ணெய்க்கு ஈடு என்று சொல்ல மாட்டேன், இடைக்காலத்துக்குச் சரி.