சுங்கை சிப்புட் பட்டறையின் ரோக் செட்: கொட்டாப்புளியை வாங்குங்கள், வரம்புக் கட்டையை விட்டுவிடுங்கள்

கொட்டாப்புளியால் (மரச் சுத்தியால்) பந்தை அடித்துக் கம்பி வளைவுகளுக்குள் விட்டுப் புல்தரையில் ஆடும் குரோக்கேயைக் கெட்டித் தரைக்கு மாற்றி அமெரிக்கர்கள் உண்டாக்கிய ஆட்டம் ரோக். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் இருந்தது. ஆடியவர்கள் எல்லாரும் அமெரிக்கர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் மரச் சாமான் செய்யும் பட்டறை ஒன்று இதற்கு முழு செட் செய்து தருகிறது: நான்கு கொட்டாப்புளி, நான்கு பந்து, பத்து வளைவு, சுற்றிலும் வைக்க வரம்புக் கட்டை. விலை 900 வெள்ளி (ரிங்கிட்).

கொட்டாப்புளி அருமை. கைப்பிடி 24 அங்குலம், ரோக்குக்கு உரிய குட்டை அளவு. தூரமாக அடிக்கக் கெட்டி முகம். மெல்லத் தட்டவும் சுழற்றி விடவும் ரப்பர் முகம். ரப்பரைப் பசையால் மட்டும் ஒட்டியிருப்பதால் ஈரத்தில் ஓரம் கிளம்பும். தலையைச் செங்கால் என்ற கனத்த கெட்டி மரத்தில் கேளுங்கள். ரப்பர் மரம் இலேசு, விளிம்பு சீக்கிரம் சில்லுத் தெறிக்கும்.

கோளாறு வரம்புக் கட்டையில். ரோக்கில் வரம்பு வெறும் எல்லை இல்லை. கேரம் பலகையின் ஓரம் மாதிரி, பந்தை அதில் மோதவிட்டுத் திருப்பி எடுப்பதில்தான் ஆட்டத்தின் ருசியே. பந்தின் குறுக்களவு 3¼ அங்குலம், அதன் நடு உயரம் 1⅝. பட்டறைக் கட்டையின் உயரமோ 1½தான். வேகமாக வரும் பந்து மேல் விளிம்பில் ஏறி வெளியே தாவிவிடும். 2½ அங்குலக் கட்டை போடுங்கள். 30க்கு 60 அடித் தளத்தின் நான்கு மூலைகளையும் சாய்த்து எட்டுப் பக்கமாக அடைக்க வேண்டும். அடியில் அங்கங்கே துளை விடாவிட்டால் மாலை மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

வளைவுக் கம்பி நல்ல பலம். ஆனால் தகட்டுப் பாதத்தில் நிற்கிறது, பந்து பட்டால் நகரும். ரோக் வளைவு தரையில் நிரந்தரமாகப் பதிய வேண்டும். பந்துக்கும் வளைவுக்கும் உள்ள இடைவெளி கால் அங்குலத்தைத் தாண்டாது என்பதால் கொஞ்சம் சாய்ந்தாலே வழி அடைபடும். தகடு வேண்டாம், காலை ஓரடி நீளமாக விடச் சொல்லிக் கான்கிரீட்டில் புதையுங்கள்.

பூப்பந்து (பாட்மிண்டன்) தளம் போதாது. தோட்டக் கிளப்பின் பழைய டென்னிஸ் தளத்தில் அளவு அடங்கும். வெறும் சிமெண்டில் பந்து நிற்காமல் ஓடும்; சலித்த ஈயலம்ப (ஈயச் சுரங்க) மணலை மெல்லிசாகத் தூவினால் வேகம் குறையும்.

கொட்டாப்புளியும் பந்தும் மட்டும் 520 வெள்ளிக்குத் தனியாகக் கொடுக்கிறார்கள். செங்கால் தலைக்கு விலை கூடும், முன்பே பேசிக்கொள்ளுங்கள்.