பத்மினிக்கு பாகம் தேடினால் புதுப்பேட்டை

1980-களில் வந்த பிரீமியர் பத்மினி கார் ஒன்றை வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாட்டி வருகிறேன். வண்டி உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், பாகங்களுக்கு நான் நம்பிப் போவது சென்னை புதுப்பேட்டை பழைய வண்டிப் பாகச் சந்தைதான்.

கழற்றிய பழைய பாகத்தோடு ஒரு சின்ன காந்தமும் கொண்டுபோவேன். கதவோ ஃபெண்டரோ, காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுவேன். நல்ல தகரத்தில் டக்கென்று ஒட்டும். பெயின்டுக்கு அடியில் பட்டி (பள்ளம், ஓட்டையை மறைக்கப் பூசும் பசை) கனமாக இருந்தால் நழுவி விழும். ஒரு கடையில் "ஒரிஜினல் தகரம் சார்" என்று அடித்துச் சொன்ன கதவில் கீழ்ப்பக்கம் முழுக்கப் பட்டி. அந்தக் கடைக்கு அப்புறம் போகவில்லை.

ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஸ்டியரிங் பக்கத்து கியர் ராடின் தேய்ந்த புஷ்ஷை (ராடைத் தாங்கும் சின்ன வளையம்) ஒரு பெரியவரிடம் நீட்டினேன். "ஃபியட்டா?" என்றார் (பத்மினியைப் பலரும் அப்படித்தான் சொல்வார்கள்), மூட்டைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். மாட்டியதிலிருந்து இரண்டாவது கியர் சிக்காமல் விழுகிறது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

விலை பேசித்தான் வாங்க வேண்டும். கதவு ரப்பர் பீடிங் மட்டும் அங்கே வேண்டாம், பழையதெல்லாம் வெடித்துக் கிடக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.